ஆறு குடம் தண்ணீர்

துபாயில் ஒரு பனிமலை இருக்கிறது,
கூரைக்குள்.
ரோட்டில் நாற்பத்தைந்து டிகிரி,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைனஸ் நாலு.
நான் ஒருநாளும் சறுக்கியதில்லை.
சறுக்கியவர்கள் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டுகளை
ஆறு வருடம் துவைத்தேன்.

சோப்புத்தூள் ஆகாது, பிழியக்கூடாது,
இரண்டு தடவை அலச வேண்டும்.
பிறகு மருந்து தெளித்துச் சூடு காட்டினால்
தண்ணீர்மேல் இருந்த பழைய கோபம்
துணிக்குத் திரும்பி வரும்.
துளி உருண்டு நின்று, யோசித்து, ஓடும்.
தாமரை இலைத் தண்ணீர் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியதை
அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.
எங்கள் ஊரணியில் தாமரை கிடையாது,
பாதி வருடம் தண்ணீரும்.

காலருக்குள் ஒரு சீட்டு:
இருபதாயிரம், கோடு, இருபதாயிரம்.
முதல் எண் வெளித்தண்ணீருக்கு.
துணிமேல் இருபது மீட்டர் நீரை
மினாரா மாதிரி நட்டு வைத்தாலும்
உள்ளே ஒரு பொட்டு இறங்காதாம்.
அடுத்த எண் உள்தண்ணீருக்கு.
ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு நாளில்,
இருபது கிலோ வியர்வை
ஆவியாய் வெளியேறிவிடுமாம்.
"துளி பெருசு, ஆவி பொடிசு.
நடுவுல ஒரு சவ்வு பொழப்பு நடத்துது"
என்றான் மேற்பார்வை பெல்லார்மின், தூத்துக்குடிக்காரன்.
தையல் என்பதே வரிசையாய்ப் போட்ட ஓட்டைகள்;
அதன்மேலும் நாடா ஒட்டியிருந்தது.

ஜிப் பல்லுடைந்த ஒன்றை எனக்கே தந்தார்கள்.
ஆரஞ்சு நிறம்.
ஐப்பசியில் பெரியபட்டினம் வந்து இறங்கியபோது
பெட்டியில் பாதி அதுதான்.
பிள்ளைக்கு வாங்கிய பொம்மைக் கார்
அதன் கைக்குள் சுருண்டு வந்தது.

நம்புவேல் கேட்டான். கொடுத்தேன்.
நண்டுவலை எடுக்கப் போன ராத்திரி முழுக்க
கொண்டல் மழை.
விடியலில் வல்லத்தை விட்டு இறங்கினான்,
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு,
அவித்து எடுத்த நண்டு மாதிரி.
உள்ளே பார்த்தேன்.
மழை வரவில்லை, சத்தியமாய் வரவில்லை.
ஆனால் பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு.
"மூச்சு விடும்னியேடா சீனி.
நாந்தான் விட்டேன். அது விடல."

அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு.
பனிமலையில் காற்று குளிர்ந்து காய்ந்து கிடக்கும்,
உடம்புக்குள் சூடு.
ஆவி தானாகவே சரிவில் இறங்கிப் போகும்.
இங்கே காற்றே பிழியாத வேட்டி.
பானைத் தண்ணீர்கூடக் குளிர மறுக்கிற நாட்கள்.
சவ்வு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது;
வாசலில் நிற்கிற கூட்டம் நகர்ந்தால்தானே
உள்ளே இருப்பவன் வெளியே போக.

உப்பும் அடைத்திருக்கும். துவைக்கலாம் என்றேன்.
நல்ல தண்ணீர், இரண்டு அலசல், ஆறு குடம்.
தள்ளுவண்டிக்காரர் அப்போதுதான்
எண்ணிக் காசு வாங்கிப் போயிருந்தார்.
சபியா குடங்களைப் பார்த்தாள்,
ஜாக்கெட்டைப் பார்த்தாள்.
"தண்ணி படாத சட்டைக்கு
ஆறு குடம் தண்ணியா?"

மறுவாரம் நம்புவேலே வந்து எடுத்துக்கொண்டான்.
வலை அறுக்கிற கத்தியால்
இரண்டு கக்கத்திலும் ஒரு சாண் கிழித்தான்,
கேட்காமலே.
இருபதாயிரம் இரண்டும் அந்த நிமிடத்தோடு சரி.
விலை கூடின ஜாக்கெட்டுகளில்
அதே இடத்தில், அதே ஒரு சாண்,
ஜிப் வைத்துத் தைத்திருப்பார்கள்.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது மழை ராத்திரியில் அதைத்தான் போடுகிறான்.
கையைத் தூக்கி வலையை இழுக்கும்போது
இந்தக் கக்கத்தில் நுழைந்த காற்று
அந்தக் கக்கத்தில் போகிறதாம்.
கூடவே கொஞ்சம் மழையும்.
"அது வந்துட்டுப் போகட்டும்" என்கிறான்.