உங்களைப் போன்ற நிறுவனங்கள்

ஐஸ் ஆலையின் இரைச்சலில்
கேள்வியைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.
“அனுமதிப்பத்திரம் எடுக்க எவ்வளவு காலம் சென்றது?”
மரியநேசன் விரல்களை மடக்கினார்,
ஏழில் நிறுத்தினார்,
“அது ஆளைப் பொறுத்தது பிள்ளை” என்றார்.
ஆளைப் பொறுத்தது என்பதற்கு டெப்பில் பெட்டி இல்லை.
ஏழு என்று பதிந்தேன்.
நாளா, கிழமையா, மாதமா
கேட்க விடவில்லை
ஐஸ் உடைக்கிற இயந்திரம்.

நகரசபை வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ கசக்கி எறிந்த விண்ணப்பத்தை
மென்றபடி நின்றது.
படிவமொன்றை இவ்வளவு சீக்கிரம் முடித்த சீவனை
இந்த ஊரில் அன்றுதான் கண்டேன்.

நாற்பத்தோராம் கேள்விக்கு
கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள்.
நீங்கள் என்று கேட்கக் கூடாது.
உங்களைப் போன்ற நிறுவனங்கள் என்று கேட்க வேண்டும்.
உங்களைப் போன்ற நிறுவனங்கள்
வேலை நடப்பதற்காக, பற்றுச்சீட்டு இல்லாமல்,
நூற்றுக்கு எத்தனை கொடுக்கின்றன?
‘போன்ற’ என்ற சொல்லுக்குப் பின்னால்
மனிதர் ஒதுங்கி நின்று
உண்மை பேசுவார்களாம்.

கிண்ணியாவில் நிசாமியா சிரித்தா.
“என்னப் போல ஆரு மகள் இருக்கா இந்த ஊர்ல?
வாற ஐயாமாருக்குத் தயிரெண்டா உசுரு.
மாசம் நாலு சட்டி.
அது நூத்துக்கு எத்தின எண்டு
நீங்களே பாத்துப் போடுங்க.”
எருமைகள் குறைந்த மாதத்திலும் நாலா என்று கேட்க
என்னிடம் கேள்வி இருந்தது,
படிவத்தில் இல்லை.

உப்புவெளி விடுதிக்காரர்
எல்லாவற்றுக்கும் ஐந்து என்றார்.
காணிப் பதிவு ஐந்து. வரி ஐந்து. பாதுகாப்பு ஐந்து.
ஒவ்வொரு ஐந்துக்கும்
பக்கத்து மேசையில் தனியே தேத்தண்ணி குடித்தவரைப்
பார்த்துக்கொண்டார்.
மரக்கறி மொத்தக்கடைச் சந்திரலதாவோ
முன்கடையில் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தாள்.
“மூன்று போடுங்க, தங்கச்சி.
மூன்று போட்டா
ஒருத்தரும் வந்து ஏன் எண்டு கேக்க மாட்டாங்க.”
அந்த வாரம் முழுக்க
திருகோணமலை மூன்றாக இருந்தது.

எனக்கு முடித்த படிவத்துக்கு அறுநூற்றைம்பது.
பாதியில் எழும்பிப் போனால் பூச்சியம்.
ஆகவே நானும்
யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

மாதிரிப் பட்டியலில் எழுபத்திரண்டாவது பெயர்
என்னுடையது.
அநுராதபுரச் சந்தி, போட்டோக்கொப்பி, லமினேற்றிங்,
உரிமையாளர் த. கோமளாங்கி.
எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பில்
இன்னும் கடை திறந்து வைத்திருந்தேனோ தெரியாது.
நான் இழுத்து மூடி இரண்டு வருஷம்.

மூன்று தரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி.
போனேன்.
முதல் நாள் காலை. மறுநாள் பின்னேரம்.
மூன்றாம் நாள் மழை, தகரக் கதவோடு ஒட்டி நின்றேன்.
பூட்டு மட்டும் புதிது, வேறு யாருடையதோ.
விலைப்பட்டியலில் பாதி கிழிந்து
‘ஒரு பக்கம்’ என்பது மிச்சமிருந்தது.
அதன் விலை இல்லை.

வேலை நடப்பதற்காக,
பற்றுச்சீட்டு இல்லாமல்,
உங்களைப் போன்ற நிறுவனங்கள்,
என்று தொடங்கினேன்
சும்மாதான், உதடு அசையாமல்.
ஆனால் மூடிய கடைகளுக்குக் கேள்வி கிடையாது.
நின்று பிடித்தவர்களைக் கேட்டுத்தான்
காற்றின் வேகத்தை அளக்கிறோம்,
விழுந்ததை அல்ல.
குறியீடு நான்கு: இயங்கவில்லை.
காரணம் எழுத இடமில்லை.
அடுத்தது என்பதை அமத்தினேன்.

என் இடத்துக்கு டெப் தந்த பதிலி
இரண்டு கதவு தள்ளி,
போன் கவர் விற்கிற பெடியன்.
ஈரக் கையைத் துடைக்கத் துணி எடுத்துத் தந்தான்.
“கனநேரம் எடுக்குமோ அக்கா?”

இருபது நிமிஷம் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
இருபது என்றேன்.