நாற்பத்தேழு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே வெள்ளி தட்டும் சத்தம் நின்றால்
எனக்கு மத்தியானம்.
பக்கம் கட்டுவது என் வேலை:
கல்யாணப் பத்திரிகை, மாங்காய் மண்டி பில்புக்,
எப்போதாவது ஒரு நூல்.

அந்த மார்கழியில் வந்தது
பேராசிரியர் அர்த்தனாரியின் சேர்வராயன் மலை வரலாறு.
எழுநூறு பக்கம். முந்நூற்றுப் பதினொரு அடிக்குறிப்பு.
பதிப்பாளர் கந்தப்பன் அதைக் கையில் தூக்கி
காதருகே ஒரு தட்டுத் தட்டினார்,
தேங்காய் வாங்குகிறவர் போல.
"எல்லாரும் படிக்கணும் சார்.
பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்தவன்
ஓமலூர் வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடிக்கணும்.
அடியில பொடி எழுத்தைப் பார்த்தா
கடன் பத்திரம்னு மூடி வெச்சிடுவான்."
அர்த்தனாரி கண்ணாடியைத் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
பிறகு மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

அழிப்பது சுலபம்.
பத்து வருடம் அவர் ஆவணக் காப்பகத்தில்
தும்மிய தும்மலெல்லாம்
ஒரே சொடுக்கில், என் டீ ஆறுவதற்குள்.
எழுநூறு, இருநூற்றிருபது ஆனது.
பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது.
வாழ்க்கையில் முதல் தடவையாக
கட்டுகிற பக்கத்தைப் படித்துக்கொண்டே கட்டினேன்:
காப்பிச் செடி வந்த விதம்,
ஒரு துரை, அவன் சம்சாரம், அவளுக்கு வந்த குளிர்,
அவளுக்காக வாங்கிய வாத்தியம்.
"பியானோ மலை ஏறியது.⁴⁷"

அந்தப் பொடி எண்ணை மட்டும்
அர்த்தனாரி கையால் தட்டியிருக்கிறார்.
கணினிக்கு அது குறிப்பு இல்லை, வெறும் எண்.
எனக்கும் தப்பிவிட்டது.

புத்தகக் கண்காட்சி முடிந்து மூன்றாம் வாரம்
நாகலூரிலிருந்து ஒரு போன்.
சடையாண்டி, மிளகுக் கொடி ஏறுகிற வேலை.
"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல
பியானோவுக்குப் பக்கத்துல நாப்பத்தேழுன்னு இருக்குது.
நாப்பத்தேழு ஆளா? நாப்பத்தேழு நாளா?
இல்ல, வருசமா?"

பழைய கோப்பைத் திறந்தேன். வாசித்தேன்.
"தோட்டக் கூலிக் கணக்கு. பதினாறு ஆள், ஆளுக்கு இரண்டணா.
வழியில் கால் முறிந்து நின்றவனுக்கு ஓரணா.
பெயர்களைப் பூச்சி அரித்துள்ளது. படிக்க முடிந்தவை:
வெள்ளையன், காளியப்பன், இன்னொரு காளியப்பன்."

போனில் காற்று மட்டும் கேட்டது.
'எங்க பாட்டன்' என்பார் இப்போது, என்று
நான் தயாராகியிருந்தேன்.
தொண்டைகூட லேசாக அடைத்தது எனக்கு.

"உறவெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார்.
"நூத்தியெண்பது ரூவா குடுத்திருக்கேன்.
எண்ணுன்னு ஒண்ணு போட்டா
அதுக்கு ஒரு பொருள் இருக்கணும்ல?"
வைக்கப் போனவர், வைக்கவில்லை.
"கால் முறிஞ்சது எந்தக் காளியப்பனுக்கு?"

அர்த்தனாரியைக் கேட்டேன்.
காளியப்பனாகவே இருக்க வேண்டியதில்லை என்றார்,
வெள்ளையனாக இருக்கலாம்,
பூச்சி தின்ற பதின்மூவரில் ஒருவனாகவும் இருக்கலாம்.
பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு
"யார் கேட்டது?" என்றார். விலாசம் எழுதிக்கொண்டார்.

இப்போது இரண்டாம் பதிப்பு.
கந்தப்பன் சிவப்பு மையில் திருத்தம் அனுப்பியிருக்கிறார்.
இருபத்துமூன்று பிழை. இருபத்திரண்டை முடித்துவிட்டேன்.
கடைசியில் வட்டமிட்டு: 'ப.112, இந்த 47 எதற்கு? எடுக்கவும்.'

எண்ணுக்குப் பின்னால் சுட்டி
விட்டு விட்டு மின்னுகிறது.
கீழே வெள்ளி தட்டுவது நின்றுவிட்டது.
சாப்பிட்டு வந்து பார்க்கலாம்.