இரண்டு கொப்பி

ஓமந்தையில் இரண்டு வரிசை.
பதினொரு வயதுவரை அம்மாவோடு
பெண்கள் பக்கம் நின்றேன்.
தகரக் கொட்டிலுக்குள் ஆமிக்காரி
என் பையைக் கொட்டினாள்:
பென்சில், பனங்கட்டி,
சின்னக்காவின் உடைந்த காப்பு.
சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
அடுத்தமுறை அப்பா தோளில் தட்டினார்:
“இனி நீ இஞ்சால வா.”

பரந்தன் மில்லில் நெல்மூட்டை.
சேட்டுக்குள் நெஞ்சை ஒளித்துக் கூனி நடந்தேன்.
முதுகு நோவென்று நினைத்து
முதலாளி சித்தாலேப தந்தார்.

இப்போது ஆடைத் தொழிற்சாலை வாசல்.
திரும்பவும் இரண்டு வரிசை, இரண்டு கொப்பி.
அடையாள அட்டையில் நிதர்சன்.
கொண்டையில் தர்மிகாவின் கனகாம்பரம்.
காவல் றஞ்சியக்கா அட்டையைப் பார்த்தாள்,
வெளியே மழையைப் பார்த்தாள்.
“நனையாத, உள்ள வா.”
பேனையை நீட்டினாள்.
எந்தக் கொப்பி என்று சொல்லவில்லை.

மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் கீறிப் பார்த்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நீலம்.