அரை அங்குல இடைவெளி

யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன முயல் கூண்டு.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அளவுகோலை வைத்து
உதடு பிதுக்குகிறான் லுதோமிர்.
தலை நுழைந்தால் போதும்,
உடம்பு தண்ணீர் மாதிரி பின்னால் வந்துவிடும்.
இருபத்திரண்டு வருடமாக
ஷ்செச்சின் துறைமுகத்துத் தானியக் கிடங்குகளில்
எந்த ஓட்டையை அடைப்பது, எங்கே நஞ்சு வைப்பது
என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன்.

வாரம் விட்டு வாரம் வரும் மகள் யாக்னா
போன முறை காலணிப் பெட்டியோடு வந்தாள்.
உள்ளே கஞ்சி நிறத்தில் ஒன்று.
பெயரும் காஷா, கஞ்சி.
"அம்மா வீட்டில் பூனை இருக்கு.
உங்ககிட்டதான் ஒண்ணுமே இல்லையே."
குத்தலாகச் சொல்லவில்லை அவள்.
குத்தியது.

மெல்லிய வலையை மேலே சுற்றிக் கட்டினான்.
கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும்,
பலகை போட்டான்.
ஜன்னல் காற்று படாத மூலை,
தொலைக்காட்சி அலறாத சுவர்.
பைன் மரத்தூள் மூச்சுக்கு ஆகாதாம்,
காகிதம் கிழித்துப் போடச் சொன்னாள் கடைக்காரி.
வீட்டில் இருந்த காகிதம்
பழைய வேலைப் பதிவேடுகள்தான்.
கிடங்கு ஏழு. வைத்த பெட்டி நாற்பது.
எடுத்தது முப்பத்தொன்று.
நீளநீளமாகக் கிழித்தான்.
மூன்று ஒரு பக்கம் போனது,
ஒன்று ஒரு பக்கம்.

ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு வேண்டுமே.
வண்டியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தான்,
கறுப்பு, இரண்டு வாசல்,
சுவரோரம் போகும் எலி நம்பி நுழையும் அகலம்.
எலியின் மனசு தெரிந்தவர்கள் செய்தது.
நஞ்சு தொடாதது, விலைச்சீட்டுகூடப் பிரிக்காதது.
கூண்டில் வைத்தான்.
பார்த்தான்.
எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கி
வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.
மனைவி விட்டுப்போன, மூக்குடைந்த தேநீர்க் கெண்டி
பரண்மேல் இருந்தது.
அது போதும்.

யாக்னாவின் கரடி போட்ட பழைய பைஜாமாக் கால்
நாலு மூலையிலும் ஊக்கு குத்தித் தூளியானது.
முதல் நாளே ஒரு மூலையைக் கடித்து அறுத்துக்
கெண்டிமேல் விழுந்தது காஷா.
எழுந்து, மீசையைத் துடைத்து,
மறுபடி ஏறி, இன்னொரு மூலை.

"ஒண்ணே ஒண்ணா வச்சிருக்கீங்க?"
கடைக்காரி கேட்ட தொனியில்
அவன் ஏதோ கொலை செய்தவன்போல் நின்றான்.
தனி வளை எலிக்கு வேண்டவே வேண்டாமாம்.
யார் சொல்லிவைத்தது அப்படி?
தனி வளைக்காரன் எவனோ.

இரண்டாவது கறுப்பி, வயிறு மட்டும் வெள்ளை.
யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க வைக்கணும்
என்பதால் குளியல் தொட்டி.
கழிப்பறை மூடிமேல் துண்டோடு உட்கார்ந்து
இரண்டு மணி நேரம் காவல்.
சீறல். ஒரு உருளல். பிறகு
கறுப்பியின் காதை நக்கத் தொடங்கியது காஷா.
அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அன்று இரவு கிடங்கு மூன்றில்
சாக்கு அடுக்கின் பின்னால் ஒரு கூடு.
நார், காகிதம், சணல்.
படுக்க ஒரு மூலை, கழிக்க வேறு மூலை,
நடுவே சேமிப்பு.
டார்ச்சை அணைத்தான்.
பிறகு போட்டான்.
வேலையை முடித்தான்.
எண்ணை எழுதினான்.

விடியற்காலை மூன்று முறை சோப்புப் போட்டு
முழங்கைவரை கழுவிய கையைக்
கூண்டுக்குள் நீட்டினான்.
முகர்ந்தன இரண்டும். பின்வாங்கின.
கையை எடுக்கவில்லை அவன்.
முதல் டிராம் போனது.
தோள் மரத்துப்போனது.

கெண்டிக்குள்ளிருந்து மீசை மட்டும் வந்தது.
அப்புறம் மூக்கு.
கறுப்பி அவன் கட்டைவிரல் நகத்தைப்
பல்லால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.
தின்கிற பொருள் இல்லை.
வாயில் இருந்த காகித நறுக்கை
அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு
அடுத்ததை எடுக்கப் போனாள்.