தகடு என்ன பண்ணியது

திங்கள் முதல் சனி வரை
செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில் லாரிகளை நிறுக்கிறேன்.
பருப்பு, ஜவ்வரிசி,
மூட்டைமேல் தூங்கும் கிளீனர்
எல்லாம் சேர்ந்து டன் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை
கொலுசுப் பட்டறையில் இரவல் வாங்கிய தராசில்
ஈயக் குண்டுகளை நிறுக்கிறேன்.
பெருமூச்சு விட்டால் எண் மாறும்.
பன்னிரண்டில் மூன்றைத் தள்ளிவிட்டேன்.
வெளியே எல்லாம் ஒரே அச்சு,
உள்ளே எங்கோ காற்றுக் குமிழ்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
நாகலூர்.
லூர்துசாமியின் காப்பித் தோட்டத்தில்
மண்மேட்டை முதுகாக வைத்து
பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய
உருக்காலைத் தகடு
சங்கிலியில் தொங்குகிறது.
எண்பது மீட்டர்.
டேப்பில் இரண்டு முறை அளந்தது.
லைசென்ஸ் பிளாஸ்டிக் உறைக்குள்,
உறை அவர் சட்டைக்குள்,
சட்டை ஸ்வெட்டருக்குள்.

குழலின் வாய்வழி கருமருந்து கொட்டி
எண்ணெய்த் துணியில் குண்டைப் பொதிந்து
கெஜக்கோலால் இறுக்குவது என் வேலை.
மருந்து என்றுதான் சொல்கிறோம்.
என்ன நோய்க்கு என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று வெடி வரை வேகமானி உழைத்தது.
மூன்றாவதில் குண்டைக் கோட்டைவிட்டு
பின்னால் பறந்த துணிக்கு வேகம் சொன்னது.
அதற்குள்
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக அழித்தபடி
மூடுபனி இறங்கிவிட்டது.
பெட்டிக்கு நிழல் தெரியவில்லை.
பிழை, என்றது திரை.
பிழை.
சேலத்து ரைபிள் கிளப்பில் கெஞ்சி வாங்கிவந்த பெட்டி.

தகடு மட்டும் மங்கலாய்த் தெரிந்தது.
அது மறைந்தால் நிறுத்திவிடுவது என்று பேச்சு.

அப்போதுதான் போனில் ஒலிப்பதிவை அமுக்கி
கல்மேல் வைத்தேன்.
டொம்.
பிறகு
டங்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்கு வேண்டியது.
அதில் பாதிக்குமேல் தகட்டின் குரல் திரும்பிவரும் நேரம்.
அதைக் கழித்தால்
மிச்சம் குண்டுக்குச் சொந்தம்.
நொடிக்கு முந்நூற்று நாற்பத்தாறு மீட்டர்.
அடுத்தது முந்நூற்று இருபத்து நாலு.
அதற்கடுத்து முந்நூற்று அறுபது.

அதே மருந்து, அதே எடை, அதே துணி.
புகை மட்டும் போக மனமில்லாமல்
காப்பிச் செடிகளுக்கிடையே உட்கார்ந்திருந்தது.

"குழலுக்குள் கரி சேருது" என்றார் லூர்துசாமி.
"ஈரம்" என்றேன்.
நோட்டைப் புரட்டினால் தெரிகிறது,
இருபத்து நாலுக்கு முன்னால்தான்
பையனின் ஃபீஸ் ஞாபகம் வந்தது எனக்கு.
கை அங்கே தளர்ந்திருக்கலாம்.
அதற்கென்று ஒரு கட்டம் போட்டு
என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல் விட்டுவைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மிளகு பறிக்கும் பூமாலை
ஏணியிலிருந்தே கேட்டாள்:
"பன்னிங்களா?"
"இல்லீங்க, தகடு."
சற்று நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து வந்தது:
"அது என்னங்க பண்ணுச்சு உங்களை?"

ஏழாவது வெடியோடு தகடு மறைந்தது.
நிறுத்தினோம்.
மீதி இரண்டு குண்டும் தீப்பெட்டிக்குள்.
கொதிநீர் ஊற்றக் குழல் கறுப்பாய் வாந்தியெடுத்தது.
கூமுட்டை நாற்றம்.
ஸ்டெல்லா காப்பித் தம்ளரை எட்டத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

திங்கள் காலை.
நகக் கண்ணில் இன்னும் கறுப்பு.
மரவள்ளி லாரிக்காரன் சண்டைக்கு வந்தான்,
"நாப்பது கிலோ குறையுதுங்க."
வழக்கமாய்ச் சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவேன்.
இன்று
"இறங்கி இன்னொரு தடவை ஏத்து" என்றேன்.
முனகிக்கொண்டே பின்னால் போய் வந்தான்.
இருபது கிலோ கூடியிருந்தது.
இன்னும் ஒரு தடவை என்றேன்.
பத்து குறைந்தது.
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்க
மூன்றையும் எழுதி நீட்டினேன்.

"இதுல எதுங்க எடை?"
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.