நாற்பத்திரண்டு அடி

பேச்சிப்பாறை இன்று முப்பத்தொன்பது அடி.
எங்கள் பெட்டி எண்பத்திரண்டு சதவீதம்.
ஒன்று பேப்பரில், ஒன்று திரையில்,
இரண்டையும் ஒரே கண்ணால்தான் படிக்கிறேன்.

நாற்பத்தெட்டு கொள்ளும் அணைக்கு
நாற்பத்திரண்டிலேயே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறார்கள்.
விளிம்பில் முட்டும்வரை யாரும் காத்திருப்பதில்லை,
வில்பிரட்டைத் தவிர.

"நாலும் நாலும் எட்டுல்லா?
மீதி நாலு எங்க போச்சு?"
மூன்று வருடமாக இதே கேள்வி.
ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் என்கிறேன்,
ஒன்று செத்தால் மற்றது பேசும்.
"அப்போ அழிச்சா?"
இரண்டிலும் அழியும்.
"பின்ன என்னத்துக்கு?"

கேள்வி நியாயம்தான். அதனால்தான் மூன்றாவது ஒன்று
இரணியலில், அவன் தங்கை றீத்தாவின் பீரோவில்
கல்யாணப் பட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.
மாதம் ஒருமுறை அதைக் குலசேகரத்துக்கு
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன்,
முட்டை கொண்டுவருவது போல.

ஞாயிறுதோறும் மைதானம் மைதானமாய்ப் போய்
பந்தாட்டம் படம் பிடிக்கிறான் இவன்.
ஒரு ஆட்டம் இருபது ஜிபி.
கோல் விழாத ஆட்டமும் இருபது ஜிபி.
ரப்பர் ஷீட் எடைபோடும் கடையில் கணக்கெழுதும் கை இது,
பில் புத்தகத்தின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தது:
இன்னும் முப்பத்தாறு ஞாயிறு.
கிறிஸ்துமஸ் தாண்டிவிடும்.
தவக்காலத்தில் மூச்சு முட்டும்.

புதுப் பதிப்பு வந்து நாலு மாதம்.
வந்த வாரமே ஏறுகிற ஆள் நானில்லை,
அடுத்தவர் காலில் முள் குத்தி முடியட்டும்.
நாங்கள் இரண்டு படி கீழே நிற்கிறோம்.
ஒரே தாவலில் மேலே போகக்கூடாது,
நடுப்படியில் கால் வைத்துத்தான் போகணும் என்று
குறிப்பின் கடைசியில், பொடி எழுத்தில்.

இரண்டாவது டிஸ்க்கில் எட்டுப் புண்.
போன மாதமும் எட்டுதான்.
வளராத புண், கூடவே வைத்துக்கொள்ளலாம்.
வியாழன் இரவு முழுக்க
ஒவ்வொரு துண்டையும் தொட்டு எண்ணவிட்டேன்.
ஒன்பது மணிநேரம். பிழை பூஜ்யம்.
அமைப்புகளின் நகல் பென்டிரைவில்,
பென்டிரைவ் பைபிள் உறையில்.

சனி இரவு எல்லாம் தயார்.
அப்போதுதான் சந்தியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும்,
மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது.
பெட்டியை முறையாக அணைத்துவிட்டுப் படுத்தேன்.

திங்கள், விடியற்காலை நாலு.
மழை விட்டிருந்தது.
எதிர்த்த தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்களின் நெற்றி விளக்குகள்
மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தன.
அமுக்கினேன்.

பெட்டி அணைந்தது.
திரும்பி வரவில்லை.
ஐந்து நிமிடம். எட்டு.
வில்பிரட் கட்டன் சாயாவோடு பின்னால் வந்து நின்றான்.
"பந்தெல்லாம் போச்சா?"
நான் பதில் சொல்லவில்லை.
இரணியலை, பீரோவை, பட்டுச் சேலைகளை
மனதுக்குள் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.
பதினோராவது நிமிடம் ஒரு பீப்.
இதுவரை எந்தக் குயிலும் எனக்கு அப்படிக் கூவியதில்லை.

அடுத்த படி மறுநாள் ஏறியது, சத்தமில்லாமல்.

இப்போது மஞ்சள் எழுத்தில் தினமும் கேட்கிறது:
சேமிப்புக் குளத்தையும் புதுப்பிக்கட்டுமா?
ஆம் என்றால் பழைய பதிப்புக்கு
இந்தக் குளத்தின் தண்ணீர் அப்புறம் புரியாது.
திரும்பிப் போக வழி இருக்காது.
ஒரு மாதம் ஓடட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.
ஆபீஸில் தெரியாதவர் நீட்டும் காகிதத்திலும்
நான் உடனே கையெழுத்துப் போடுவதில்லை.

நேற்று ராத்திரி இவன் கோலில்லாத ஆட்டம் ஒன்றைத் திறந்தான்,
அழிக்கத்தான்.
சேற்றில் வழுக்கி விழுந்து
எழும்பிச் சிரிக்கிற கோல்கீப்பர் பையனை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான்.
மூடிவைத்துவிட்டுச் சொன்னான்:
"டிஸ்க் வாங்குவோம். எட்டு எட்டு, ரெண்டு."

ஒவ்வொன்றாகத்தான் மாற்றணும், என்றேன்.
ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி,
அது முழுதும் படித்து எழுதி முடிக்கும்வரை
மற்றதில் கை வைக்கக்கூடாது.
அதற்கு முன்னால் இரணியல் போய்வரணும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
விளக்கை அணைத்தேன்.
இருட்டில் கொஞ்சநேரம் கழித்து:
"எட்டும் எட்டும் பதினாறுல்லா?"