பாய்லர் மேல் பென்சில்

டுலூத் நகரின் சரிவில், பனி அப்பிய தெருவில்
விற்பனைக்கு நின்றது ஒரு பச்சை வீடு.
ஏரி தெரியும் என்று விளம்பரத்தில் இருந்தது.
தெரிந்தது, ஒரு கீற்று,
குளியலறை ஜன்னலில்,
கழிப்பறை மூடிமேல் ஏறி நின்றால்.
மாரிட் ஏறி நின்றாள்.
"தெரியுது" என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்கு
முப்பது வருடக் கடன்.

நான் கீழே போனேன்.
பஸ் பணிமனையில் இருபது வருடம்.
எதையும் அடியில் படுத்துப் பார்த்தால்தான்
எனக்கு நம்பிக்கை வரும்.

நிலவறையில் பாய்லர்.
அதன் தகர உடம்பெங்கும் பென்சில் எழுத்து:

நவம்பர் 81. புதுசு. 1,900.
ஜனவரி 88. பம்ப். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஞாயிறு என்பதால் கூலி இரட்டிப்பு. 240.
94. கூரை, வடக்குப் பக்கம். மச்சான் உதவினான். பீர் மட்டும்.
2003. சாக்கடைக் குழாயில் மேப்பிள் வேர். 3,700.
மரத்தை வெட்டவில்லை.
2011. அதே வேர்.

ஐனார் ரவுட்டியோ என்பவரின் கை.
ஏழுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு.
2016க்குப் பிறகு எதுவும் இல்லை.
பழுது நின்றதா,
எழுதுகிறவர் நின்றாரா?

வீட்டைச் சோதிக்க வந்த ட்வைலா
பரணிலிருந்து இறங்கி முழங்காலைத் தட்டினாள்.
"கூரை இன்னும் ரெண்டு குளிர்காலம்.
பாய்லர் பத்தி நான் எதுவும் சொல்லல.
விலையில நூத்துக்கு ஒண்ணு
வருஷா வருஷம் ஒதுக்கி வைங்க.
இந்த வயசு வீட்டுக்கு ரெண்டு."

யானையின் விலை தெரிந்துதான் வந்திருந்தோம்.
தீனியின் விலை
இப்போதுதான் சொன்னார்கள்.

வாடகை வீட்டில் நான் ராஜா.
குழாய் கெட்டால் ஓர்வலுக்கு ஒரு குறுஞ்செய்தி.
மூன்றாம் நாள் வருவார், பெருமூச்சோடு.
தொட்டிக்கடியில் அவர் மடங்கிக் கிடக்க
நான் பக்கத்தில் நின்று காபி குடிப்பேன்.
மார்ச் வந்தால் நாற்பது டாலர் ஏற்றுவார்.
கூட்டிப் பார்த்தால்
அவர் கூரையில் பாதி என் காசு.
பதினொரு வருடம்.
ஒரு சுவரிலும் நான் எதுவும் எழுதியதில்லை.

அன்றிரவு மாரிட்
மின்கட்டண உறையின் முதுகில் இரண்டு பத்தி போட்டாள்.
வட்டி, வரி, காப்பீடு,
கூரைக்கு மாதாமாதம் இவ்வளவு,
வேருக்கு இவ்வளவு.
இந்தப் பக்கம் ஒரே வரி: வாடகை.
மூன்று முறை கூட்டினாள்.
வீடு அறுபத்திரண்டு டாலர் அதிகம், மாதத்துக்கு.
"அந்தக் கீற்று
அவ்வளவு பெறுமா?" என்றாள்.
நான் தட்டுகளைக் கழுவினேன்.

இரண்டு மணிக்கு எங்கோ சொட்டியது.
ஓர்வலின் குழாய், ஓர்வலின் சொட்டு.
திரும்பிப் படுக்க எனக்கு முழு உரிமை உண்டு,
அதற்குத்தானே வாடகை.
எழுந்து போனேன்.
டார்ச்சுக்காக இருட்டில் கோட்டுப் பையைத் துழாவினால்
கையில் வந்தது ஒரு கட்டைப் பென்சில்,
முனையில் யாரோ கடித்த தடம்.
பாய்லர் மேலிருந்து
எப்போது எடுத்தேன்?

சொட்டு, சமையலறையில்தான்.
வாஷர் தேய்ந்திருக்கும். எண்பது சென்ட்.
கிண்ணத்தை அடியில் வைத்துவிட்டு
பென்சிலை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.
திருப்பிக் கொடுக்கவாவது
இன்னொரு முறை போயாக வேண்டும்.